யுகேனுக்கு ஓர் இலை

நவம்பர் 7, செவ்வாய். தைப்பிங்

முறுக்கு சுட்டு முடித்தேன். இந்த வருஷம் ஒரே ஒரு டின். தீபாவளிக்கு நாங்கள் வீட்டில் இருக்கப் போவதில்லை. அப்படியிருக்க அந்த ஒரு டின் மட்டும் எதற்கு என்று என் வீட்டுக்காரர் கேட்டார். மாவு மிஞ்சிவிட்டது என்றேன். நெத்திலிச் சம்பலும் கிளறி போத்தலில் அடைத்தாயிற்று. நெத்திலியும் மிஞ்சித்தான் கிடந்தது.

பள்ளிக்கூடக் கண்டீன் நடத்திய காலத்தில் தினமும் இரண்டு வரி எழுதிவைப்பேன். எது தீர்ந்தது, எது மிஞ்சியது, நாளைக்கு என்ன வாங்க வேண்டும். கண்டீனை விட்ட பிறகும் கை நிற்கவில்லை. அதனால் இந்தப் பயணத்தையும் எழுதுகிறேன்.

தீபாவளிக்கு முதல் நாள் கம்பாரில் பெரிய நாத்தனார் அஞ்சலை அண்ணி வீட்டில் படையல் நடக்கும். என் மாமனாருக்கு ஓர் இலை, அதில் ஆட்டிறைச்சியும் ஒரு கிளாஸ் ஸ்டவுட் பீரும். மாமியாருக்கு ஓர் இலை. ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போட இழுத்துக்கொண்டு போனானே, திரும்பியே வரவில்லையே, இவருடைய அந்தப் பாட்டனுக்கும் ஓர் இலை. அவருக்குப் படம் கிடையாது, எந்த நாளில் போனார் என்றும் தெரியாது. இலையும் சுருட்டும் மட்டும் உண்டு. சூடம் காட்டியதும் எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவோம். வந்தவர்கள் நிம்மதியாகச் சாப்பிட வேண்டும். திரும்ப உள்ளே போகும்போது கதவைத் தட்டிவிட்டுத்தான் திறக்க வேண்டும். சாப்பிடுகிறவர்கள் திடுக்கிடக் கூடாது. படைக்கிறவர் அதுவரை வெறும் தண்ணீரோடு இருப்பார், படைத்த இலையிலிருந்து எடுத்துத்தான் முதல் வாய் சாப்பிடுவார். ஒரே தம்பி என்பதால் எப்போதும் இவர்தான் படைப்பார்.

போன வருஷம் நான் இலைகளுக்குப் பரிமாறிக்கொண்டிருந்தபோது அண்ணி சொன்னார், "பரமு, அடுத்த வருஷம் யுகேனுக்கும் ஒரு எல போட்டுருவோம். புள்ள எத்தன நாளைக்குப் பசியோட நிப்பான்?"

கரண்டியை வைத்துவிட்டுப் போய்க் காரில் உட்கார்ந்துகொண்டேன். அவர் படையலை முடித்துவிட்டு வந்து வண்டியை எடுத்தார். வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்துப் பழகிய எக்ஸ்பிரஸ் பஸ் டிரைவர். அன்றைக்குத் தைப்பிங் வரைக்கும் ஒரு சத்தம் இல்லை. அவருக்கும் அந்த எண்ணம்தான் என்று எனக்கு அப்போதே தெரியும்.

யுகேந்திரன் எங்கள் மகன். கடலில் இருக்கிற எண்ணெய்க் கிணறுகளுக்குச் சாமான் ஏற்றிப் போகும் கப்பலில் வேலை. போன வருஷத்துக்கு முந்திய மழைக்காலத்தில் ஒருநாள் காலையில் கப்பலில் தலை எண்ணினார்கள், அவன் இல்லை. தேடினார்கள். பிறகு தேடுவதை நிறுத்திவிட்டார்கள். உடல் கிடைக்கவில்லை. கிடைக்காத ஒன்றை வைத்துக்கொண்டு எல்லோரும் எப்படி முடிவு கட்டுகிறார்கள் என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. நன்றாக நீந்தத் தெரிந்த பிள்ளை. உயிரோடு இருக்கிறவனுக்கு இலை போடுவது எவ்வளவு பெரிய பாவம் என்று அண்ணிக்குத் தெரியாதா?

மகள் தர்ஷினிதான் இந்த வருஷம் யோசனை சொன்னாள். "சண்டையே வேணாம்மா. ரெண்டு பேரும் எங்கயாவது தீவுப் பக்கம் போய் ரெஸ்ட் எடுத்துட்டு வாங்க. டிக்கெட் நான் போடுறேன்."

எங்கே என்று கேட்டாள். லபுவான் என்றேன். அங்கே வரி கிடையாது, சாக்லேட் மலிவு. தர்ஷினி அப்பாவைப் பார்த்தாள், அவர் என்னைப் பார்த்தார். யுகேனின் கப்பல் புறப்பட்ட துறைமுகம் லபுவான் என்பது மூன்று பேருக்கும் தெரியும். யாரும் அதைச் சொல்லவில்லை.

இரண்டு பையும் கட்டியாயிற்று. அவன் அறையைக் கூட்டிவிட்டு வந்தேன். இன்றைக்கும் தட்டிவிட்டுத்தான் திறந்தேன். 'தட்டிட்டு வாங்கம்மா' என்று பதினைந்து வயதிலிருந்து என்னோடு சண்டை போட்டவன். பழகிவிட்டது.

நவம்பர் 9, வியாழன். லபுவான்

வந்து சேர்ந்தோம். விமானத்தில் அவருக்கு ஜன்னல் இருக்கை கிடைத்தும் கண்ணை மூடிக்கொண்டே வந்தார். வேறொருவன் ஓட்டுகிற எதிலும் அவரால் நிம்மதியாக உட்கார முடியாது.

ஹோட்டல் பரவாயில்லை. பால்கனி இருக்கிறது, அங்கிருந்து கடல் தெரிகிறது. கடலில் கப்பல்கள் நின்றுகொண்டிருக்கின்றன. குளியலறைக் குழாய் ஒழுகுகிறது, சொல்லியிருக்கிறேன்.

சாயங்காலம் படகுத்துறைப் பக்கம் நடந்தோம். அமைதியான ஊர். காரே மெதுவாகத்தான் போகிறது. கட்டியிருந்த ஒவ்வொரு கப்பலின் பெயரையும் படித்துக்கொண்டே வந்தேன்.

"எல்லாக் கப்பலையும் படிச்சாவணுமா?" என்றார்.

"புதுக் கண்ணாடி. சரியா தெரியுதான்னு பார்க்கிறேன்."

முகம் கழுவுகிறவர்கள், கயிறு சுருட்டுகிறவர்கள், போனில் பேசுகிறவர்கள் என்று மேல்தளத்தில் நிறைய ஆண்கள் இருந்தார்கள். எல்லோரும் தொப்பி போட்டிருந்ததால் முகம் சரியாகத் தெரியவில்லை.

இராச் சாப்பாடு ஹாஜா என்பவரின் மாமாக் கடையில், நம் தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. ராமநாதபுரத்துப் பக்கத்துக்காரர், இங்கே வந்து தலை நரைத்துவிட்டது. நம் பேச்சைக் கேட்டதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். என் வீட்டுக்காரர் கை கழுவப் போன சமயத்தில் ஹாஜாவிடம் சும்மா பேச்சுக் கொடுத்தேன். கப்பலில் வேலை செய்கிற நம் பிள்ளைகள் இங்கே சாப்பிட வருவார்களா?

"வருவாங்கம்மா. ஒரு தம்பி தவறாம சனிக்கிழமை மத்தியானம் வரும். நல்ல ஒசரம். யார்கிட்டயும் ஒரு வார்த்த பேசாது. சாப்பிடும், போயிரும்."

பெயர் தெரியாதாம். ஊரும் தெரியாதாம்.

யுகேன் வாசல் நிலையில் தலை இடிக்காமல் நுழைந்ததே இல்லை. இதை எதற்கு இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை. மீ கோரேங் நூடுல்ஸ் நன்றாக இருந்தது.

நவம்பர் 10, வெள்ளி

டாக்சி வைத்துக்கொண்டு ஊர் சுற்றினோம். சண்டை முடிந்து ஜப்பான்காரன் கையெழுத்துப் போட்டுச் சரணடைந்த கடற்கரையைப் பார்த்தோம். கல்வெட்டும் புல்வெளியும் இருக்கின்றன. பக்கத்திலேயே ஜப்பான்காரர்கள் சமாதானத்துக்காக வைத்த பூங்கா. இரண்டு மலாய்க்காரக் குடும்பங்கள் பாய் விரித்து நாசி லெமாக் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தன. இத்தனை பேரை அடித்துக் கொன்ற சண்டை முடிந்த இடம் இவ்வளவு சுத்தமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

பிறகு போர் வீரர்களின் கல்லறைத் தோட்டம். கண்ணுக்கு எட்டிய வரை கற்கள். புல்லை அளவெடுத்த மாதிரி வெட்டியிருக்கிறார்கள். பாதிக் கற்களுக்கு மேல் பெயரே இல்லை. இவர் யாரென்று கடவுளுக்குத் தெரியும் என்று மட்டும் ஆங்கிலத்தில் வெட்டியிருக்கிறது. உடலே கிடைக்காதவர்களின் பெயர்கள் தனியாக ஓரிடத்தில் வரிசையாக இருக்கின்றன. வெள்ளைக்காரப் பெயர், சீக்கியப் பெயர், முஸ்லிம் பெயர். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றி ஏற்றி எல்லாவற்றையும் படித்தார்.

"எங்க தாத்தாவுக்கு இந்த மாதிரி ஒரு எழுத்துகூட இல்ல பாரு" என்றார்.

"எலதான் இருக்கே" என்றேன். சொன்ன பிறகுதான் ஏன் வாயைக் கொடுத்தோம் என்றிருந்தது. அவர் அடுத்த பெயரைப் படிக்கப் போனார்.

பெயரில்லாத கல் ஒன்றின் முன்னால் பீர் டின் ஒன்று, திறந்து, நிறைய. குப்பை போட்டிருக்கிறார்கள் என்று எடுக்கக் குனிந்தேன். கொஞ்சம் தள்ளி நின்ற வயதான வெள்ளைக்காரியும் அவள் புருஷனும் கையை ஆட்டித் தடுத்தார்கள். என் வீட்டுக்காரர்தான் போய் அவர்களிடம் ஆங்கிலத்தில் பேசினார். பெட்ரோல் ஸ்டேஷனில் நின்றாலும் நாலு பேரைச் சிநேகிதம் பிடிக்கிற மனிதர்.

திரும்பி வந்து சொன்னார், "அந்தம்மாவோட தாய்மாமனாம். ஒடம்பு கிடைக்கல. எந்தக் கல்லுன்னு தெரியாது, அதனால ஒவ்வொரு தடவையும் ஒரு கல்லுக்கு வைப்பாங்களாம். இதா இருந்தாலும் இருக்கலாமில்ல."

"புல்லு வெட்றவன் வந்து தூக்கிப் போடப் போறான்" என்றேன்.

எனக்குக் கால் வலித்தது. டாக்சிக்குப் போய்விட்டேன். அவர் வெகு நேரம் அங்கேயே நின்றார்.

சாயங்காலம் சாக்லேட் வாங்கினேன். தர்ஷினி பிள்ளைகளுக்கு, பக்கத்து வீட்டுக்கு. தைப்பிங்கிலும் ஏறக்குறைய இதே விலைதான்.

நவம்பர் 11, சனி. காலை

அவர் பசியாற வரவில்லை. வயிறு சரியில்லையாம். நான் மட்டும் கீழே போய் ரொட்டி சாப்பிட்டேன். நீலப் புடவையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன். மற்றதெல்லாம் கசங்கிவிட்டது.

அதே நாள், சாயங்காலம்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

மத்தியானம் அவரிடம் கடைக்குப் போய்வருகிறேன் என்று சொன்னேன். சரி என்று உடனே தலையாட்டினார். முறுக்கு டின்னையும் சம்பல் போத்தலையும் பையில் எடுத்து வைத்தேன், பிறகு திரும்ப வெளியே எடுத்து மேசைமேல் வைத்தேன். முதலில் ஆளைப் பார்த்துவிட்டு வரலாம், அவனை ஹோட்டலுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டால் இங்கேயே உட்கார்ந்து சாப்பிடுவான். இதை எழுதும்போது எனக்கே பைத்தியக்காரத்தனமாகத் தெரிகிறது. மத்தியானம் அப்படித் தெரியவில்லை. ஞாபகம் தப்பிப்போய் எந்த ஊரிலோ இருந்து வருஷம் கழித்து வீடு திரும்பினவர்களைப் பற்றிப் பேப்பரில் எத்தனை தடவை போட்டிருக்கிறான்.

ஹாஜா கடையில் வாசலைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்தேன். கோப்பி வாங்கினேன், அது ஆறிப்போனது. ஹாஜா மேசையைத் துடைத்துக்கொண்டே சொன்னார், "அண்ணன் காலையிலயே வந்து வாழை எல கேட்டாரும்மா. பெரிய எலயா பார்த்துக் கொடுத்தேன்."

எதற்கோ கேட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தத் தம்பி வந்தது. நல்ல உயரம்தான். சித்தியவானிலிருந்து வந்திருக்கிற குமரேசன், படகுப் பட்டறையில் இரும்பு ஒட்டு வேலை செய்கிறவன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னா ஆன்ட்டி, யாரையாச்சும் தேடறீங்களா?" என்றான். இல்லப்பா என்றேன். யுகேந்திரன் என்று யாரையாவது தெரியுமா என்று மட்டும் கேட்டேன். போன வருஷம்தான் இங்கே வந்தானாம், தெரியாதாம். பேசாத பிள்ளை என்று ஹாஜா சொன்னது தப்பு. நன்றாகத்தான் பேசுகிறான். தட்டை முன்னால் வைத்துக்கொண்டு என்னையும் சாப்பிடச் சொன்னான். யார் பெற்ற பிள்ளையோ. எழுந்து வந்துவிட்டேன்.

அறைக் கதவைத் திறந்தால் உள்ளே அவர் குளித்துவிட்டு வேட்டி கட்டி நிற்கிறார். மேசைமேல் வாழை இலை. இலையில் என் முறுக்கு, என் சம்பல், ரொட்டி. யுகேன் ரொட்டிக்கு நடுவில் சம்பலை வைத்து அமுக்கித் தின்பானே, அதே மாதிரி வைத்திருக்கிறார். ஓரமாக ஒரு மைலோ பானப் பொட்டலம். பால்கனியில் ஹோட்டல் சாசரில் சூடம், இன்னும் ஏற்றவில்லை. தீப்பெட்டி கையில்.

"என்ன பண்றீங்க?"

"நீ கடைக்குப் போன நேரத்துல முடிச்சிரலாம்னு பார்த்தேன். உனக்குக் கஷ்டமா இருக்கும்னு…"

"அது அவன் சாப்பிடறதுக்கு எடுத்துட்டு வந்தது" என்று கத்தினேன். அப்படிக் கத்துவேன் என்று எனக்கே தெரியாது.

அவர் என்னை விழித்துப் பார்த்தார். "நானும் அதுக்குத்தானே பரமு வச்சேன்? நீயா டின்னக் கட்டுனத பார்த்ததும், சரி, நீயே மனசு ஒத்துக்கிட்ட, வாயால சொல்ல முடியல, அதான் இந்த ஊருக்குக் கூட்டிட்டு வர்றன்னுதான் நெனச்சேன்."

டின்னைக் கட்டியவள் நான். ஊரைச் சொன்னவள் நான். தீபாவளிக்கு முதல் நாள் பிள்ளைக்குப் பிடித்த பண்டத்தோடு அவன் தொலைந்த ஊருக்கு ஓர் அம்மா போனால் எங்கள் குடும்பத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். அது எனக்கு இப்போது விளங்குகிறது. அப்போது விளங்கவில்லை. இலையில் இருந்ததையெல்லாம் வழித்து டின்னுக்குள்ளேயே போட்டு மூடினேன். இலையை நான்காக மடித்துக் குப்பைக் கூடையில் போட்டேன். சாசரையும் கழுவி வைத்தேன்.

அவர் வேட்டியை மாற்றிக்கொண்டு வெளியே போய்விட்டார். இப்போதுதான் வந்து படுத்தார். சாப்பாடு வாங்கிவரவா என்று கேட்டேன். வேண்டாம் என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் நான் என்ன செய்ய முடியும்.

நவம்பர் 12, ஞாயிறு. தீபாவளி

காலையில் நல்லெண்ணெயை எடுத்து அவர் தலையில் வைக்கப் போனேன். எழுந்து உட்கார்ந்தார். கை நடுங்கிக்கொண்டிருந்தது. கோபத்தில் நடுங்குகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். நெற்றியெல்லாம் வேர்வை. ஏசி ஓடிக்கொண்டிருக்கிறது.

"மாத்திர போட்டீங்களா?"

"வெறும் வயித்துல போடக்கூடாதுல்ல."

"நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

நெற்றியைத் துடைத்துக்கொண்டார். வயிறு சரியில்லை என்று பசியாற வராதது, இராத்திரி வேண்டாம் என்று திரும்பிப் படுத்தது எல்லாம் அப்போதுதான் ஒன்றாகச் சேர்ந்தது. படைக்கிறவர் என்று நேற்றுக் காலையிலிருந்து விரதம். படையல் முடியவில்லை, அதனால் வாயில் ஒன்றும் வைக்கவில்லை. சீனி வியாதிக்காரர். டாக்டர் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்.

பையிலிருந்து சாக்லேட்டை எடுத்து உறையைக் கிழித்து வாயருகே கொண்டுபோனேன். கையைத் தள்ளிவிட்டார்.

"எலயில வச்சத எடுத்து மூடியாச்சு பரமு. கூப்ட்டு உக்கார வச்ச புள்ளைக்கு முன்னால இருந்து தட்ட எடுத்தாச்சு. அவன் சாப்பிடாம நான் எப்படிச் சாப்பிடறது?"

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் ஏன் தாமதம் என்று பயணிக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னார். சொல்லிவிட்டுக் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். எனக்குப் பயம் வந்தது. உண்மையான பயம். இரண்டு வருஷமாக இவர் என் எதிரே உட்கார்ந்து தினமும் சாப்பிட்டிருக்கிறார், என் பிள்ளைக்குப் பசிக்குமே என்று ஒவ்வொரு வாய்க்கும் நினைத்துக்கொண்டு. நான் பிள்ளை வருவான் என்று நினைத்துக்கொண்டே பரிமாறியிருக்கிறேன். ஒரே மேசை, ஒரே சோறு.

"இருங்க. விழுந்து கிழுந்து வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வேகமாக ஹாஜா கடைக்குப் போனேன். இலை கேட்டேன். "அண்ணன் நேத்தே வாங்கினாரே" என்றார். அது போதவில்லை என்றேன். பக்கத்துக் கடையில் ரொட்டியும் மைலோவும் வாங்கினேன்.

மேசையைத் துடைத்தேன். இலையைக் கழுவிப் போட்டேன். டின்னில் நேற்று நான் கொட்டியதில் முறுக்கும் சம்பலும் கலந்து கிடந்தன. உடையாத முறுக்காகப் பொறுக்கி வைத்தேன். சம்பல் போத்தலில் அடியில் இருந்ததை வழித்து ரொட்டிக்கு நடுவில் வைத்து அமுக்கினேன். அவர் செய்ததில் சம்பல் குறைச்சல். அவனுக்கு வழிந்தால்தான் பிடிக்கும். படம் கொண்டுவரவில்லை. இந்தக் குடும்பத்தில் படமில்லாமல் இலை போடுவது புதிதா என்ன.

அவர் எழுந்து வந்து சூடத்தை ஏற்றினார். கை நடுங்கியதால் நான் பிடித்துக்கொண்டேன். சொல்ல வேண்டியதை அவர்தான் சொல்வார் என்று நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்.

"யுகேன், சாப்பிட வாடா."

தினமும் சோறானதும் சொல்கிற மாதிரிதான் சொன்னேன்.

சூடம் எரிந்து அடங்கியதும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம். ஹோட்டல் நடையில் நிற்க வேறு இடமில்லை. இரண்டு பேரும் சுவரில் சாய்ந்து நின்றோம். துடைப்ப வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த பெண், சாவியை உள்ளே விட்டுவிட்டீர்களா, கீழே சொல்லவா என்று மலாயில் கேட்டாள். அவர் மலாயிலேயே சொன்னார், இல்லைம்மா, எங்கள் மகன் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். அவள் எங்கள் முகத்தைப் பார்த்தாள். பிறகு வண்டியைச் சத்தமில்லாமல் அடுத்த அறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

எனக்கு அழுகை வந்தது. அழுதேன். அவன் போனதிலிருந்து முதல் தடவை. அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டாரா, விழாமல் இருக்க என்னைப் பிடித்துக்கொண்டாரா என்று தெரியவில்லை.

கொஞ்ச நேரம் பொறுத்து அவர் கதவைத் தட்டக் கையைத் தூக்கினார். தூக்கிய கையை இறக்கிவிட்டு, "நீ தட்டு" என்றார்.

தட்டினேன். வீட்டில் அவன் அறையை எப்படித் தட்டுவேனோ அப்படி இரண்டு தட்டு. "அம்மா வரேன்டா" என்றேன். இரண்டு பேரும் காத்து நின்றோம். யாரும் திறக்கவில்லை. அப்புறம் சாவி அட்டையைப் போட்டு நானே திறந்தேன்.

இலை வைத்தபடி இருந்தது. அவரை நாற்காலியில் உட்கார வைத்து, இலையிலிருந்து ரொட்டியை எடுத்துக் கையில் கொடுத்தேன். சாப்பிட்டார். மைலோவையும் குடித்தார். மாத்திரை போட்டார். வேர்வை அடங்கிய பிறகு, "காரம் ஜாஸ்தி" என்றார்.

"உங்களுக்குச் செய்யல" என்றேன்.

மிஞ்சிய முறுக்கைக் கீழே கொண்டுபோய்த் துடைப்ப வண்டிப் பெண்ணுக்கும் ஹாஜாவுக்கும் கொடுத்தோம். குமரேசன் வந்தால் கொடுக்கச் சொல்லி ஒரு பொட்டலம்.

நவம்பர் 13, திங்கள்

விமான நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். விமானம் தாமதம். அவர் பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார்.

தீர்ந்தது: முறுக்கு, சம்பல். மிஞ்சியது: சாக்லேட்.

அஞ்சலை அண்ணிக்குப் போன் போட்டேன். போன தீபாவளிக்குப் பிறகு நானாகப் பேசுவது இதுதான் முதல் தடவை. அவர் எடுத்ததும் நான்தான் என்று சொன்னேன். விஷயத்தையும் சொல்லிவிட்டேன்.

"அண்ணி, அடுத்த வருஷம் படையலுக்கு நாங்க வந்துருவோம். நெத்திலிச் சம்பல் மட்டும் நான் செஞ்சு எடுத்துட்டு வரேன். நீங்க செய்யாதீங்க. உங்க கைக்குக் காரம் பத்தாது, அவன் சாப்பிட மாட்டான்."